பாறையை விடு

முட்டைக் காலம். ஸ்கூவோய்த் தீவின் மேற்கு விளிம்பு.
கயிற்றின் அந்த முனையில் ஆறு பேர்.
இந்த முனையில் நான் மட்டும்.
எனக்குக் கீழே எண்பது பாகம் வெறும் காற்று,
அதற்கும் கீழே கடல்.

கயிற்றில் முதல் கை யாருடையது என்று
இறங்குமுன் பார்த்தேன்.
சாமல்.
வேறு யாராவது இருந்திருக்கலாம், ஆண்டவரே.

பதினொரு வருஷத்துக்கு முன்னால்
மூடுபனியில் என் மந்தையோடு கலந்துவிட்ட
அவனுடைய பெட்டைக் குட்டிகள் மூன்று.
இடது காதில் அவன் குறி, ஒரு சின்ன வெட்டு.
அதை ஒரு விரற்கடை பெரிதாக்கினேன்.
அவ்வளவுதான்.
ரத்தம்கூட அதிகம் வரவில்லை.

அதற்கப்புறம் நான் நல்லவனானேன்.
ஒரு ஞாயிறும் தவறவில்லை.
விதவை ரக்னாவின் கூரைக்குப் புல் பதித்தேன், இரண்டு தடவை.
காணிக்கைத் தட்டில் சில்லறை சத்தம் போடக்கூடாதென்று
நோட்டாகவே வைத்தேன்.
அது ஓசை கேட்காத பெருமை என்று அப்போது தெரியவில்லை.
மூன்று குட்டிக்கு எத்தனை ஞாயிறு?
மனசுக்குள் ஓயாமல் ஒரு கணக்கு.
வட்டி குட்டி போடும் என்பார்களே,
எனக்கு வசந்தம்தோறும் நிஜமாகவே போட்டது.

பாறை விளிம்பில் முட்டைகள்.
நீலப்பச்சை ஓட்டில்
யாரோ அவசரத்தில் கிறுக்கியதுபோல் கறுப்புக் கோடுகள்.
கூடு கட்டாத பறவை அது,
வெறும் கல்லில் இட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடுகிறது.
உருண்டு விழாதிருக்க
முட்டையின் ஒரு முனையைக் கூராக்கி வைத்திருக்கிறீர்.
எனக்கு அப்படி எதுவும் செய்யவில்லை.

பை நிறைந்தபோது கால் வைத்த விளிம்பு உடைந்தது.
துருத்திய பாறை மூக்கு ஒன்றைப் பற்றினேன்,
பத்து விரலாலும்.
மேலேயிருந்து குரல்:
"தோர்மோத், பாறையை விடு!"

பிடித்துக்கொண்டிருப்பவனைத் தூக்க முடியாது.
இந்தத் தொழிலுக்கு வருகிற எந்தப் பையனுக்கும் அது தெரியும்.
எத்தனை பேருக்கு நானே கத்தியிருக்கிறேன்.
ஆனால் பாறை என் கையில் இருந்தது.
கயிறு அவன் கையில்.

விரலுக்கடியில் பாறை பொரிந்தது, காய்ந்த ரொட்டிபோல.
ரக்னாவின் கூரை ஞாபகம் வந்தது.
ஞாயிறுகள் வந்தன, வரிசையாக.
ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன்.
எதன் முனையும் மேலே எங்கும் கட்டப்பட்டிருக்கவில்லை.

விட்டேன் என்று சொல்லமாட்டேன்.
பாதி விட்டேன், மீதி உடைந்தது.
இதையும் விசுவாசம் என்று நீர் எண்ணுவதானால்
அந்தப் பாதியை எடுத்துக்கொள்ளும்.

கயிறு விண்ணென்று இறுகியது.

புல்லில் முகம் குப்புறக் கிடந்தேன்.
ஆட்டுப் புழுக்கையின் வாசனை அத்தனை நன்றாக இருந்தது.
சாமல் எதிரே உட்கார்ந்திருந்தான்.
உள்ளங்கைத் தோல் உரிந்து
கயிற்றின் முறுக்கு அப்படியே பதிந்திருந்தது.
நழுவும் என்று கையுறையைக் கழற்றி எறிந்திருக்கிறான்.

"அந்த மூன்று குட்டி..." என்று ஆரம்பித்தேன்.
"தெரியும். அன்று சாயங்காலமே எண்ணிவிட்டேன்."
பின்னே ஏன் பிடித்தாய்?
கேட்க வாய் வரவில்லை.
அவன் என் பையைத் திறந்து பார்த்தான்.
"இரண்டுதான் உடைந்திருக்கிறது."

எங்கள் கோயிலில் உத்தரத்திலிருந்து
ஒரு மரக்கப்பல் தொங்குகிறது,
கரை சேர்ந்தவர் எவரோ நேர்ந்துகொண்டது.
ஐம்பது வருஷமாக அதன் பாய்களை எண்ணியிருக்கிறேன்.
அந்த ஞாயிறுதான் அதைத் தாங்கும் கம்பியைப் பார்த்தேன்.
போதகர் இரட்சிப்பைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.
முன் வரிசையில் சாமல்,
கட்டுப்போட்ட கைகளால்
பாட்டுப் புத்தகத்தின் தாளைத் திருப்ப முடியாமல்.
எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து திருப்பினேன்.
அதைக் கணக்கில் எழுதவில்லை.

இரவில் இன்னமும்
என் விரல்கள் கட்டில் விளிம்பைப் பற்றிக்கொள்கின்றனவாம்.
எல்சுபா ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுகிறாள்.
விடிவதற்குள் மறுபடியும்.

விட எனக்கு இன்னும் வரவில்லை, ஆண்டவரே.
உம் கையில் கையுறை இல்லை என்பது மட்டும் தெரியும்.